வேகமாகச் சொன்ன பதில்

இருபத்து நான்கு குட்டி டப்பாக்கள். கவரிங் கம்மல் வாங்கினால் கடையில் போட்டுக் கொடுப்பார்களே, மூடி மட்டும் கண்ணாடி போலத் தெரியும், அந்த மாதிரி டப்பாக்கள். ஒரு தெர்மோகோல் பலகையில் வரிசைக்கு ஆறாக அவற்றை ஒட்டியிருந்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு முழு விதையும், அதே வகை விதையை உடைத்து எடுத்த பருப்பும் இருக்கும். மேலே சிவப்பு ஸ்கெட்ச்சில் ‘எங்கள் ஊர் விதைகள்’ என்று தலைப்பு. டப்பாவுக்குக் கீழே செடியின் பெயர், எங்கே கிடைத்தது, நிறம், சுவை என்று நான்கு வரிகள். விஷமுள்ளவற்றுக்கு ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டும் வைத்திருந்தோம். முதல் மூன்று வரிகளைப் பிள்ளைகள் எழுதினார்கள். சுவை என்ற நான்காவது வரியை எழுதியவள் நான். போனில் தேடிப் பார்த்து எழுதினேன். மூன்று வரி மட்டும் இருந்தால் பலகை மொட்டையாகத் தெரிகிறதே என்று தோன்றியதுதான் காரணம். வேறு எந்தக் காரணமும் அதற்கு இல்லை.

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தேன். கணக்கு மிஸ் என்று பெயர், ஆனால் உண்மையான வேலை போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது. நான்காவது ஐந்தாவது வகுப்புகளில் முதல் இடங்களில் வருகிற பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்து, மூன்று மணிக்கு மேல் கம்ப்யூட்டர் அறைக்குப் பக்கத்து அறையில் உட்காரவைப்போம். அதற்கு ஸ்பெஷல் பேட்ச் என்று பெயர். மற்ற பிள்ளைகள் மைதானத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது இவர்கள் அபாகஸ், வினாடி வினா, அறிவியல் கண்காட்சி என்று ஏதாவது ஒன்றுக்கு மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். பெற்றோருக்கு இதில் இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. ‘எம் பொண்ணு ஸ்பெஷல் பேட்ச்’ என்பதைக் கல்யாணப் பத்திரிகையில்கூடப் போட்டுவிடுவார்கள் போலிருக்கும். அந்த அறையில் மேஜை மேல் ஒரு மணி இருந்தது. கேள்வி கேட்டு ஐந்து விநாடிக்குள் பதில் வரவில்லை என்றால் நான் அதைத் தட்டுவேன்.

அந்தப் பேட்சில் ஒரு பெண் இருந்தாள். அவளைப் பள்ளியில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு வருடமாக எங்கள் போட்டி அணிக்கு அவள்தான் தலைவி. ஐந்தாம் வகுப்பு. தீவனூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பள்ளி வேனில் வருவாள். வீட்டில் நெல்லும், மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற வேர்க்கடலையும் பயிர் செய்கிறவர்கள். குள்ளமாக, கன்னத்தில் எப்போதும் பவுடர் திட்டாக, ரெட்டை ஜடையோடு இருப்பாள். எதையும் ஒருமுறை சொன்னால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வாள். அதைவிட முக்கியம், சொன்னதைச் சொன்னபடி செய்வாள். பெரியவர்கள் பேச்சுக்குச் சொல்வது எது, நிஜமாகச் சொல்வது எது என்று மற்ற பிள்ளைகளுக்கு ஒரு மோப்பம் இருக்கும். அவளுக்கு அது கிடையாது. நாங்கள் சொன்ன ஒவ்வொன்றும் அவளுக்கு நிஜம். அவளைப் பற்றி அப்போதே எனக்குள் லேசாக ஒரு பயம் இருந்தது என்று இப்போது சொன்னால், பின்னால் நடந்ததை வைத்துச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. நான் எதற்கும் பயப்படுகிறவள். வேன் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாலே பத்துத் தடவை வாசலுக்குப் போய் எட்டிப் பார்ப்பேன்.

எங்கள் பேட்சில் ஒரு விதி இருந்தது. ‘தெரியாது’ என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த வாரம் முழுக்கப் பேட்ச் கிடையாது, பையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போக வேண்டியதுதான். பத்து வயதுப் பிள்ளைக்கு மைதானத்துக்குப் போவது தண்டனையாக இருந்தது என்பதை எழுதும்போது இப்போது கை கூசுகிறது. விதியோடு சேர்த்து ஒரு தந்திரமும் சொல்லிக்கொடுத்திருந்தேன். நடுவர்களைப் பல வருடம் பார்த்து நானே கண்டுபிடித்தது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ‘தெரிஞ்சதை மெதுவா சொல்லு, தெரியாததை வேகமா சொல்லு.’ தெரிந்ததை நிறுத்தி நிதானமாகச் சொன்னால் யோசித்துச் சொல்கிற பிள்ளை என்று நடுவர் நினைப்பார். தெரியாததைத் தயங்காமல், முகத்தைத் தூக்கி, பட்டென்று சொன்னால் அவருக்கே சந்தேகம் வந்து தலையாட்டிவிடுவார். கேப்டன் இதில் தேர்ந்துவிட்டாள். தெரியாத கேள்வி வந்தால் அவள் இடது கை முதுகுக்குப் பின்னால் போய்விடும், தாடை உயரும், பதில் மூச்சுவிடாமல் வரும். பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள்.

இதை இன்னும் இறுக்க நான் நடுவர் வேஷம் போடுவேன். மூக்குக்கண்ணாடியை நுனிமூக்கில் தள்ளி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, ரொம்பக் கனிவாகக் கேட்பேன். “பரவால்லம்மா, தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடு. மார்க்கெல்லாம் கொறைக்க மாட்டேன்.” அந்தக் கனிவில் ஏமாந்து எந்தப் பிள்ளையாவது ‘தெரியல மிஸ்’ என்றால் உடனே மணியைத் தட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். ஏமாந்த பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும். கேப்டன் ஒரே ஒரு தடவைதான் ஏமாந்தாள். அந்த வாரம் மைதானத்தில் வேப்பமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் ஏமாறவே இல்லை.

அந்த வருடம் விழுப்புரத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் போட்டி. முந்தைய வருடம் நாங்கள் தோற்றிருந்தோம். கண்காட்சி என்றால் பத்துப் பள்ளிகளில் எட்டுப் பள்ளிக்காரர்கள் எரிமலை கொண்டுவருவார்கள். சோடா உப்பும் வினிகரும் பொங்கிப் பொங்கி அந்த மண்டபமே ஊறுகாய் வாசம் அடிக்கும். நாங்களும் எரிமலைதான் கொண்டுபோயிருந்தோம். நடுவர் ஒருவர் கேப்டனைப் பார்த்து, “இதையெல்லாம் நீயே செஞ்சு பார்த்தியா, இல்ல மிஸ் சொன்னதைச் சொல்றியா?” என்று கேட்டார். அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். அதனால் இந்த வருடம் எரிமலை வேண்டாம், ஊரிலேயே கிடைக்கிற விதைகளைச் சேகரிப்போம் என்று முடிவு செய்தேன். நல்ல யோசனைதான். வேலிகளிலும் வரப்புகளிலும் திரிந்து பிள்ளைகள் கொண்டுவந்து குவித்தார்கள். பாதிக்கு மேல் கேப்டன் கொண்டுவந்தது.

போட்டிக்கு முந்தைய நாள் கடைசி ஒத்திகை. நடுவர் வேஷத்தில் நான் கேட்டேன், “சுவைன்னு எழுதியிருக்கியே, அது எப்படித் தெரியும்?” கேப்டன் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நாங்களே செஞ்சு பார்த்தோம் சார்னு சொல்லு” என்றேன். “செஞ்சு பார்க்கலையே மிஸ்” என்றாள். மணி நாலரை. வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். தலைவலி வேறு. “சொல்லுன்னா சொல்லேன் கேப்டன், போன வருசம் மாதிரி வாயைக் கொடுத்து மாட்டிக்காதே” என்று சிடுசிடுத்தேன். “சரி மிஸ்” என்றாள். அவள் சரி என்று சொன்னால் அது சரிதான், அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை அவளுடைய அப்பா அவளை வண்டியில் சீக்கிரமே கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறார். நான் பள்ளிக்குள் நுழையும்போது வேன் வாசலில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. ஸ்பெஷல் அறையிலிருந்து கேப்டன் பலகையைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு வந்தாள். வாயை இறுக மூடியிருந்தாள். பதற்றமாக இருக்கும் என்று நினைத்தேன். நான்கு பிள்ளைகள், நான், அறிவியல் மிஸ். விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஒத்திகை சொல்லிப் பார்க்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் மிஸ், எல்லாம் தெரியும் என்றாள். இதை அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

விழுப்புரத்தில் மண்டபத்தில் எங்கள் மேஜை மூன்றாவது வரிசையில். இடதும் வலதும் எரிமலைகள். நடுவர்கள் முதல் வரிசையை முடிக்கும்போது கேப்டன் குனிந்து மேஜைக்கடியில் வாந்தியெடுத்தாள். பயத்தில் பிள்ளைகள் வாந்தியெடுப்பது எங்களுக்குப் புதிதில்லை, பையில் எப்போதும் எலுமிச்சை மிட்டாய் வைத்திருப்பேன். முகத்தைக் கழுவி மிட்டாயைக் கொடுத்து, “ஒண்ணுமில்ல, இன்னும் கால் மணி நேரம் தாக்குப்பிடி” என்றேன். அவள் தலையாட்டினாள். இரண்டாவது முறை எடுத்தாள். மூன்றாவது முறை எடுத்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது. கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. அப்போதுதான் பலகையை மூடியிருந்த துணியை யாரோ விலக்கினார்கள். டப்பாக்களைப் பார்த்தேன். முழு விதைகள் எல்லாம் இருந்தன. உடைத்த பருப்புகள் பல டப்பாக்களில் ஓரம் கடிபட்டிருந்தன. சிலவற்றில் பருப்பே இல்லை.

“என்ன செஞ்ச கேப்டன்?” என்றேன். “செஞ்சு பார்த்தேன் மிஸ்” என்றாள்.

மற்ற மூன்று பிள்ளைகளையும் அறிவியல் மிஸ்ஸிடம் விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினேன். முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த வழியேதான் திரும்ப வேண்டும். அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அவள் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். நான் அவளோடு விடாமல் பேசினேன், தூங்கிவிடக் கூடாதே என்று. என்ன பேசுவதென்று தெரியாமல் பதினேழாம் வாய்ப்பாடு கேட்டேன். சொன்னாள். நடுவில் குழறினாள், மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். எனக்குள் இருந்ததில், அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் பாதி என்றால், எனக்கு என்ன ஆகும் என்ற பயம் மீதிப் பாதி. இதை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்தக் குறிப்பையே எழுத உட்கார்ந்தேன்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர். வெள்ளைக் கோட்டு, பையில் இரண்டு பேனா, கையில் கிளிப் போட்ட அட்டையில் செருகிய தாள். கேப்டன் அவரைப் பார்த்ததும் படுக்கையில் எழுந்து உட்கார முயன்றாள். நடுவர் வந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறாள். அவர் அவளைப் படுக்கவைத்து, ரொம்பக் கனிவாகத்தான் கேட்டார்.

“என்ன பாப்பா சாப்ட்ட?”

“காட்டாமணக்கு சார். ஒண்ணே ஒண்ணு. பாதி. காலையில ஏழு மணிக்கு.”

மூச்சுவிடாமல் வந்தது பதில். தாடை உயர்ந்திருந்தது. இடது கை போர்வைக்கு அடியில் முதுகுப் பக்கம் போயிருந்தது.

டாக்டர் எழுதிக்கொண்டார். காட்டாமணக்குக் கொட்டையைத் தின்றுவிட்டு வருகிற பிள்ளைகளை அவர் நிறையப் பார்த்திருப்பார். வாந்தி, பேதி, சலைன் ஏற்றினால் மறுநாள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்கிற பிள்ளையை நம்பாமல் இருக்க அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? “பயப்படாதீங்க மேடம்” என்று எனக்கும் ஆறுதல் சொல்லிவிட்டு, நர்ஸிடம் சலைன் போடச் சொன்னார். அடுத்த படுக்கையில் ஒரு விபத்துக் கேஸ் அலறிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் நகர்ந்தார்.

அந்த ஆஸ்பத்திரியில் இருந்த நூற்றுக்கணக்கான பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும், அந்தப் பதில் பொய் என்று. பொய்கூட இல்லை. அவளுக்கு எது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அதை நான் டாக்டரிடம் எப்படிச் சொல்வது? இந்தப் பிள்ளை வேகமாகச் சொன்னால் தெரியாது என்று அர்த்தம் சார், அப்படித்தான் நான் பழக்கியிருக்கிறேன் என்றா? ஏன் தின்றாள் என்று அடுத்த கேள்வி வரும். யார் சொன்னது என்று அதற்கடுத்த கேள்வி. போலீஸ், பள்ளி, பேப்பர், அவளுடைய அப்பா அம்மா என்று எல்லாம் ஒரு நொடியில் கண்முன் ஓடியது. சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதில் முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டு நான் பேசாமல் நின்றேன். இரண்டு நிமிடம் இருக்கலாம். ஐந்தாகக்கூட இருக்கலாம். அந்த நிமிடங்களில் அவளுக்குச் சலைன் ஊசி ஏற்றினார்கள். அவள் என்னைப் பார்த்து, சரியாகச் சொன்னேனா என்று கேட்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள்.

நான் குனிந்து அவள் காதருகில் சொன்னேன். “கேப்டன், இங்க போட்டியெல்லாம் இல்லடா. எதைத் தின்னேன்னு தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடு. பரவால்ல.”

அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு, அந்த நிலைமையிலும், உதட்டோரம் லேசாகச் சிரித்தாள். இந்தக் கனிவை அவளுக்குத் தெரியும். ஒருமுறை ஏமாந்தவள் அவள். “காட்டாமணக்கு மிஸ். ஒண்ணே ஒண்ணு. பாதி” என்றாள், முன்னைவிட வேகமாக.

வாழ்க்கையில் நான் பயந்த இடங்கள் எத்தனையோ. அந்தச் சிரிப்பைப் போல எதுவும் என்னைப் பயமுறுத்தியதில்லை. அவளிடமிருந்து உண்மையை வாங்குகிற எல்லா வழியையும் நானே ஒவ்வொன்றாக அடைத்து வைத்திருக்கிறேன் என்று புரிந்தது. இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தி டாக்டரைக் கூப்பிட்டேன்.

“சார், இவ என்ன தின்னான்னு எனக்குத் தெரியாது. இவளுக்கும் தெரியாது சார். தெரியாதுன்னு சொல்லக் கூடாதுன்னு நான் பழக்கி வெச்சிருக்கேன். இவ சொல்றதை நம்பாதீங்க.”

டாக்டர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆனால் கேப்டன் அழ ஆரம்பித்துவிட்டாள். மிஸ்ஸே தெரியாது என்று சொல்லிவிட்டார், ஆட்டம் முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். திக்கித் திக்கி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“எல்லாத்தையும் நாக்குல வெச்சுப் பார்த்தேன் சார். செவப்புப் பொட்டு வெச்சத கொஞ்சூண்டு கடிச்சுத் துப்பிடலாம்னு... பருப்பெல்லாம் வெள்ளையா ஒண்ணாட்டமே இருந்துச்சு. கலந்துடுச்சு. அப்ப வேன் வந்து ஹாரன் அடிச்சுட்டாங்க. ரூம்ல துப்பக் கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க. வாயில இருந்தத முழுங்கிட்டேன்.”

டாக்டர் என் பக்கம் திரும்பி, பலகையில் சிவப்புப் பொட்டு வைத்தவை என்னென்ன என்று கேட்டார். எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அரளி என்றபோது அவர் பேனா நின்றது. “எந்த அரளி?” என்றார். மஞ்சளாகப் பூக்குமே, அது என்றேன். அவர் உடனே அவள் மணிக்கட்டைப் பிடித்து, தன் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினார். முகம் மாறியது. நர்ஸைக் கூப்பிட்டார், ஈசிஜி எடுத்தார்கள், படுக்கையோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நானும் கூடவே ஓடினேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு என் முகத்துக்கு நேராக மூடியது. “நெஞ்சுத்துடிப்பு ரொம்பக் கம்மியா இருக்கும்மா. நல்லவேளை சொன்னீங்க” என்று ஒரு நர்ஸ் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். நல்லவேளை என்ற சொல் என் காதில் சாட்டை மாதிரி விழுந்தது.

மூன்று மணிக்கு அவளுடைய அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். கைக்குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு, மல்லாட்டை பறித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அப்படியே கிளம்பியிருந்தார்கள். அம்மா பச்சைப் புடவையில் இருந்தாள், நகக்கண்ணில் செம்மண். அவள் என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதாள். என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாயங்காலம் உள்ளே போய்ப் பார்க்க அம்மாவையும் என்னையும் மட்டும் விட்டார்கள். கேப்டன் நெஞ்செல்லாம் ஒயர் ஒட்டி, கண்ணை மூடிக் கிடந்தாள். பக்கத்தில் ஒரு மெஷின் பீப் பீப் என்றது. ஒரு பீப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் நான் மூச்சை நிறுத்திக்கொண்டிருந்தேன். அம்மா அவள் காலைத் தடவிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

“வூட்ல சோறு ஆக்கிவெச்சா ரெண்டு வாய் துன்ன மாட்டா மிஸ். இதப் போயி ஏன் மிஸ் வாயில வெச்சா? யாருனா எதுனா சொன்னாங்களா?”

“சேச்சே, யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. கொழந்தைங்கதானே, ஆர்வத்துல வாயில போட்டுட்டா.”

பட்டென்று சொன்னேன். மூச்சுகூட விடவில்லை. அம்மா நம்பித் தலையாட்டினாள். நான் நிமிர்ந்தபோது கேப்டன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக விழித்திருந்தாள் என்று தெரியாது. அவளுக்கு அந்த வேகம் நன்றாகவே தெரியும். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

நான்காம் நாள்தான் துடிப்பு சரியானது. அந்த மூன்று நாளும் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் இருந்தேன். அவளுடைய அப்பா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ‘மிஸ் இல்லன்னா எங்க பொண்ணு இல்ல’ என்று பார்க்க வந்த உறவுக்காரர்களிடமெல்லாம் சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் தரையைப் பார்த்தேன். பள்ளியில் கேட்டபோது, பிள்ளை கவனக்குறைவாகத் தின்றுவிட்டாள் என்று எழுதிக் கொடுத்தேன். கேப்டன் பிழைத்து வீட்டுக்குப் போனாள். அடுத்த வருடம் ஊர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவளை இனிமேல் தினமும் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதி.

நிம்மதி நிலைக்கவில்லை. ஸ்பெஷல் பேட்சை விட்டுவிட்டேன், மணியையும் யாரிடமோ கொடுத்துவிட்டேன். அதே பள்ளியில் வெறும் கணக்கு மிஸ்ஸாக மட்டும் இருக்கிறேன். ஆனாலும் வகுப்பில் எந்தப் பிள்ளையாவது டக்கென்று பதில் சொன்னால், நிஜமாகவே தெரியுமா என்று இரண்டு தடவை கேட்பேன். சரியான பதிலாக இருந்தாலும் அப்படித்தான். பெற்றோர் கூட்டத்தில் கதவோரம் பச்சைப் புடவை தெரிந்தால், கேப்டனின் அம்மாதானோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவள் என்றைக்காவது அம்மாவிடம் சொல்லியிருப்பாள், நாளைக்கு வந்து நிற்பார்கள் என்று எத்தனையோ நாள் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. ஆறு வருடம் போய்விட்டது.

போன மாதம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பின்னாலிருந்து யாரோ என் தோளைத் தொட்டார்கள்.

“மிஸ், எங்கள தெரியுதா?”

அம்மா கொஞ்சம் இளைத்திருந்தாள். பக்கத்தில் கேப்டன், என்னைவிட ஒரு கை உயரமாக, ஒற்றைப் பின்னலோடு. பதினொன்றாம் வகுப்பாம். அவர்களுக்கு நடுவில் ஒரு சின்னப் பெண், குச்சி ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்தவள், அம்மா யாரிடமோ விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாளே, அவள்தான்.

“இவ சின்னவ மிஸ். ரெண்டாவது போறா. பெரியவளாட்டமே செம ஷார்ப்பு. ஒங்க ஸ்கூலுக்குத்தான் வந்துக்கினு இருந்தோம், ஒங்களப் பார்த்துட்டோம். இவள அந்த ஸ்பெஷல் க்ளாஸ்ல நீங்களே வெச்சிக்கணும் மிஸ். ஒங்க கையில குடுத்துட்டா எனக்கு ஒரு கவலையும் இல்ல.” சொல்லிக்கொண்டே சின்னவளின் கையைப் பிடித்து என் கையில் வைத்தாள். ஐஸ் பட்டு அந்தக் கை சில்லென்று பிசுபிசுப்பாக இருந்தது.

“வேணாம்மா” என்றாள் கேப்டன்.

“ஏன்டி வேணாம்? நீதான் துன்னக் கூடாதத துன்னுட்டு பாதியில வுட்டுட்ட. அவளாச்சும் படிக்கட்டும்.”

கேப்டன் என் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை அந்தப் பார்வையில். காத்திருந்தாள், அவ்வளவுதான். ஆறு வருடமாகவே காத்திருந்தாள் என்று அப்போது எனக்குத் தோன்றியது. பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஏறிப் போயிருக்கலாம். பஸ் நிஜமாகவே வந்து நின்றிருந்தது.

சொன்னேன். சுவை என்ற நான்காவது வரியை நான் எழுதியதிலிருந்து, ‘செஞ்சு பார்த்தோம்னு சொல்லு’ என்று அவளைச் சிடுசிடுத்தது, டாக்டரிடம் சொல்லாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது, அம்மா கேட்டபோது பொய் சொன்னது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். விழுப்புரம், விழுப்புரம் என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, அம்மா திட்டட்டும் என்று நின்றேன்.

“நான் அன்னிக்கு ஒங்களக் கேட்டனே மிஸ்” என்றாள்.

“கேட்டீங்கம்மா.”

அவள் திரும்பிப் பெரிய மகளைப் பார்த்தாள். “ஆறு வருசமா இவளத்தான் மிஸ் திட்டிக்கினு இருந்தேன். ஒரு காப்பி கொட்டிட்டாலும், ஒரு மார்க்கு கொறஞ்சாலும், ‘வெசத்தத் துன்னவளே, வெசத்தத் துன்னவளே’ன்னு. ஒரு நாளும் வாயத் தொறக்கலயே மிஸ் இது.”

பிறகு என் கையிலிருந்து சின்னவளின் கையை எடுத்துக்கொண்டாள். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் எடுத்தாள். அதே கையால் சின்னவளைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கேப்டனின் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, ஊருக்குப் போகிற பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள்.